விண்ணப்பத்தில் இருக்கும் மாநிலத்தின் பெயருக்கு எவ்வளவு எடை? அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த மாநிலத்திலிருந்து விண்ணப்பிக்கிறோம் என்பதைக் கல்லூரிகள் உண்மையிலேயே பார்க்கின்றனவா?

பார்க்கின்றன. ஆனால் அரசுப் பல்கலைக்கழகம் பார்க்கும் விதம் வேறு, தனியார் கல்லூரி பார்க்கும் விதம் வேறு. அரசுப் பல்கலைக்கழகத்தில் மாநிலம் என்பது சட்டமும் பணமும்: உள்ளூர்ப் பிள்ளைக்கு இத்தனை இடம், வெளியூர்ப் பிள்ளைக்கு இவ்வளவு கட்டணம் என்று எழுதியே வைத்திருப்பார்கள். ஹார்வர்ட், யேல், டியூக் போன்ற தனியார் கல்லூரிகளில் எழுதி வைத்த ஒதுக்கீடு கிடையாது. தகுதியில் கிட்டத்தட்டச் சமமாக நிற்கும் பிள்ளைகளுக்கு இடையே முள் எந்தப் பக்கம் சாயும் என்பதில் மாநிலத்துக்கு ஒரு சின்னப் பங்கு உண்டு, அவ்வளவுதான். நம் வீட்டுப் பேச்சுகளில் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதித் தவறான முடிவுகள் வருகின்றன.

தனியார் கல்லூரியில் மாநிலம் எந்தக் கட்டத்தில் உள்ளே வருகிறது?

முதல் நிமிடத்திலேயே. சேர்க்கை அலுவலகங்கள் நாட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஒவ்வொரு பகுதியையும் ஓர் அதிகாரியிடம் கொடுத்துவிடும். மத்திய நியூ ஜெர்சி ஒருவரிடம், டாலஸ் வட்டாரம் இன்னொருவரிடம் என்று இருக்கும். மொன்டானா, வயோமிங், இரண்டு டகோட்டாக்கள் எல்லாம் சேர்ந்து ஒரே ஆளிடம் இருக்கலாம். அந்த அதிகாரிதான் உங்கள் பள்ளிக்கு வந்து பேசுபவர், பள்ளியில் கல்லூரி வழிகாட்டும் கவுன்சிலரின் மின்னஞ்சலுக்குப் பதில் போடுபவர், கோப்பை முதலில் திறப்பவரும் அநேகமாக அவரே.

ஒரு பள்ளியின் கோப்புகளை அவர் பெரும்பாலும் அடுத்தடுத்துப் படிப்பார். பக்கத்தில் 'ஸ்கூல் ப்ரொஃபைல்' என்ற ஒன்றிரண்டு பக்கத் தாள் இருக்கும். பள்ளியில் எத்தனை ஏபி (கல்லூரித் தரத்துப்) பாடங்கள் உண்டு, மதிப்பெண் எப்படிப் பரவியிருக்கிறது, எத்தனை பேர் நாலாண்டுக் கல்லூரிக்குப் போகிறார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். 25 ஏபி பாடங்கள் உள்ள பள்ளியில் 6 எடுத்த பிள்ளையும், மொத்தமே 4 உள்ள பள்ளியில் நான்கையும் எடுத்த பிள்ளையும் அவர் கண்ணுக்கு ஒன்றல்ல. இரண்டாவது பிள்ளை இருக்கிற கதவையெல்லாம் திறந்து பார்த்தவர். 'ஊர் உதவுகிறது' என்று சொல்வதில் பெரும்பகுதி இதுதான். மாநிலத்தின் பெயர் மட்டும் தனியாக மதிப்பெண் தருவது குறைவு.

ஆசிய-அமெரிக்க மாணவர்களுக்குப் பாகுபாடு காட்டுகிறது என்று ஹார்வர்ட் மீது தொடுத்த வழக்கில் அதன் நடைமுறை விரிவாக வெளியே வந்தது. விண்ணப்பங்களைப் புவியியல் அடிப்படையில் சுமார் 20 கட்டுகளாகப் பிரிக்கிறார்கள். 'டாக்கெட்' என்பது அவர்கள் வைத்த பெயர். ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு துணைக்குழு பரிந்துரை தரும், 40 பேர் கொண்ட முழுக்குழு வாக்களிக்கும். கடைசியில் இடத்தைவிட ஆள் கூடிப்போனால் சிலரைக் கழிப்பார்கள். அந்தக் கழிப்புப் பட்டியலில் நான்கே விவரங்கள் இருந்தன: பெற்றோர் அங்கே படித்தவரா, விளையாட்டு வீரராகத் தேர்வானவரா, நிதியுதவித் தகுதி உண்டா, இனம் என்ன. மாநிலம் அதில் இல்லை. அதற்கு முன்பே, கட்டு கட்டாகப் பிரித்துப் படித்த கட்டத்திலேயே, ஊர் தன் வேலையை முடித்துவிடுகிறது.

'ஸ்பார்ஸ் கன்ட்ரி' என்று ஒரு பட்டியல் இருக்கிறதாமே?

2018-இல் நடந்த அதே ஹார்வர்ட் வழக்கு விசாரணையில் வந்த சொல் அது. ஹார்வர்டுக்கு விண்ணப்பங்கள் குறைவாக வரும் 20 மாநிலங்களை அப்படி அழைத்தார்கள். எஸ்ஏடி நுழைவுத்தேர்வுக்கு முன்னோட்டமாகப் பள்ளியில் எழுதும் பிஎஸ்ஏடி மதிப்பெண் பார்த்து 'எங்களுக்கு விண்ணப்பியுங்கள்' என்று கடிதம் அனுப்பும்போது, அந்த மாநிலங்களின் வெள்ளை மாணவர்களுக்கு 1310 போதும் என்று வைத்திருந்தார்கள். ஆசிய-அமெரிக்கப் பெண்களுக்கு 1350, ஆண்களுக்கு 1380.

நம் பெற்றோர்கள் இந்த எண்களைச் சேர்க்கைக்கான கட்-ஆஃப் என்று நினைத்துவிடுகிறார்கள். இவை அழைப்புக் கடிதத்துக்கான எண்கள். கடிதம் வந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இடம் கிடைப்பதில்லை. வீட்டுக்கு வந்த வண்ணத்தாளைப் பார்த்து 'ஹார்வர்டே கூப்பிடுது' என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிவிட வேண்டாம்.

அப்படியென்றால் ஒன்பதாம் வகுப்பிலேயே வயோமிங்குக்கோ மொன்டானாவுக்கோ குடிபோய்விடலாமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வயோமிங்கில் 5,76,851 பேர். நம் புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் மக்கள்தொகையில் பாதிகூட இல்லை. மொத்த அமெரிக்காவில் அது 0.17 சதவீதம். ஒரு கல்லூரி முதலாண்டில் 1,650 பேரைச் சேர்க்கிறது என்றும், மக்கள்தொகைக்கு ஏற்பவே இடம் பங்கிடுகிறது என்றும் வைத்துக்கொண்டால், அந்த மாநிலம் முழுவதற்கும் சேர்த்து 3 இடம் வரும். இதே கணக்கில் நியூ ஜெர்சிக்கு 46. அந்த மூன்றுக்கும் ஷையன், லாரமி, ஜாக்சன் ஊர்ப் பிள்ளைகள் ஏற்கெனவே வரிசையில் நிற்கிறார்கள். அதில் ஓர் இடம் விளையாட்டு வீரருக்குப் போய்விட்டால் மிச்சம் இரண்டு.

கணக்கு ஒரு பக்கம். நடைமுறையில் இடறுவது வேறு இடங்களில். டிரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பட்டியலில்) பழைய பள்ளியின் பெயர் இருக்கும்; பதினோராம் வகுப்பில் திடீரென்று இடம் மாறிய பிள்ளையை அந்த அதிகாரி 'மலைநாட்டுப் பிள்ளை' என்று எடுத்துக்கொள்ள மாட்டார். புதிய பள்ளியில் கால்குலஸுக்கு மேல் கணிதமே இல்லாமல் போகலாம். ரோபோட்டிக்ஸ் அணி, கணிதப் போட்டி, ஆய்வகம் எல்லாம் 200 மைல் தள்ளி இருக்கலாம். பரிந்துரைக் கடிதம் எழுதும் ஆசிரியருக்குப் பிள்ளையை ஒரே ஆண்டுதான் தெரிந்திருக்கும். வேலைக்காகவோ வேறு காரணத்துக்காகவோ போகிறீர்கள் என்றால் தாராளமாகப் போங்கள். கல்லூரிக்காக மட்டும் என்றால் எங்கள் கருத்தில் அது நஷ்டக் கணக்கு.

எடிசன், பிளெயின்ஸ்பரோ, கூப்பர்டினோ, ஃப்ரீமான்ட், ஃப்ரிஸ்கோ என்று நம்மவர்கள் நிறைந்த ஊர்களில் இருப்பது பிள்ளைக்கு மைனஸா?

மாநிலம் மைனஸ் இல்லை. பக்கத்து நாற்காலிதான் போட்டி. ஒரே பள்ளியிலிருந்து ஒரே கல்லூரிக்கு 50 பேர், அதில் முக்கால்வாசிப் பேர் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு, எல்லோருக்கும் ஒரே ரோபோட்டிக்ஸ் கிளப், ஒரே கோடை முகாம் என்றால், அதிகாரிக்குக் கோப்புகளைப் பிரித்தறிவதே கஷ்டம். கல்லூரி இத்தனை பேர்தான் என்று பள்ளிக்கு வரம்பு வைத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒப்பீடு தானாகவே நடந்துவிடுகிறது.

இதில் பெற்றோர் செய்யக்கூடிய உருப்படியான வேலை ஒன்று உண்டு. நேவியன்ஸ், ஸ்காயர் போன்ற பள்ளித் தளங்களில் முந்தைய ஆண்டு மாணவர்கள் எந்தக் கல்லூரிக்கு எந்த மதிப்பெண்ணோடு விண்ணப்பித்தார்கள், என்ன முடிவு வந்தது என்ற புள்ளிப்படம் இருக்கும். உங்கள் பள்ளியிலிருந்து எல்லோரும் மொய்க்கும் பத்துக் கல்லூரிகள் அதில் பளிச்சென்று தெரியும். அதே தரத்தில், உங்கள் பள்ளியிலிருந்து ஆண்டுக்கு இரண்டு மூன்று பேர் மட்டும் விண்ணப்பிக்கும் கல்லூரிகளும் தெரியும். நியூ ஜெர்சிப் பிள்ளை மினசோட்டாவின் கார்ல்டனிலோ அயோவாவின் கிரின்னலிலோ விண்ணப்பித்தால் அங்கே அவர்தான் தூரதேசத்துப் பிள்ளை. வீட்டைப் பெயர்க்காமல் விண்ணப்பத்தை மட்டும் பெயர்ப்பது இது.

ஒரு குறிப்பிட்ட கல்லூரி இதைப் பார்க்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கல்லூரியின் பெயரோடு 'காமன் டேட்டா செட்' என்று சேர்த்துத் தேடுங்கள். பெரும்பாலான கல்லூரிகள் ஆண்டுதோறும் வெளியிடும் பொது அறிக்கை அது. அதில் மூன்று இடங்களைப் பாருங்கள்.

சி7 என்ற அட்டவணையில் கல்லூரி எதையெல்லாம் கணக்கில் எடுக்கிறது என்று நான்கு படிகளில் குறித்திருப்பார்கள்: மிக முக்கியம், முக்கியம், கருதப்படும், கருதப்படாது. அதில் 'எந்தப் பகுதியில் வசிக்கிறார்' என்பது ஒரு வரி, 'இந்த மாநிலத்தவரா' என்பது இன்னொரு வரி. இரண்டும் ஒன்றல்ல. முதலாவது ஊர்ப் பரவலுக்காக, அதாவது பல பகுதிகளிலிருந்தும் பிள்ளைகள் வர வேண்டும் என்பதற்காக; இரண்டாவது உள்ளூர் முன்னுரிமைக்காக. 'கருதப்படும்' என்று இருந்தால் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். சமநிலையில் உதவலாம் என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை.

எஃப்1 பகுதியில் முதலாண்டு மாணவர்களில் வெளிமாநிலத்தவர் எத்தனை சதவீதம் என்று இருக்கும். வெளிநாட்டு மாணவர்களை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை, அதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அண்மை ஆண்டு அறிக்கைகளில் சி1 பகுதியில் உள்மாநிலம், வெளிமாநிலம், வெளிநாடு என்று பிரித்து விண்ணப்பித்தவர், இடம் பெற்றவர் எண்ணிக்கையும் வருகிறது. அதை வகுத்துப் பார்த்தால் உங்கள் தரப்புக்கான உண்மையான விகிதம் கிடைக்கும். அரசுப் பல்கலைக்கழகங்கள் விளம்பரத்தில் போடும் மொத்த விகிதத்தை நம்பி ஏமாறுவது இங்கேதான்.

அரசுப் பல்கலைக்கழகங்களில் வெளிமாநிலத்தவருக்கு எவ்வளவு இடம்?

மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வட கரோலினாவில் 1986-இல் வகுத்த 18 சதவீத வரம்பு மாநிலப் பல்கலைக்கழகத்தின் சேப்பல் ஹில் வளாகத்தை நெடுங்காலமாகக் கட்டிப்போட்டிருக்கிறது. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம் 2017-இல் பெரும்பாலான வளாகங்களுக்கு 18 சதவீதம் என்று வைத்தது. அதைத் தாண்டியிருந்த பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோ வளாகங்களைப் படிப்படியாக அந்த அளவுக்கு இறக்க 2021-இல் மாநில அரசு பணம் ஒதுக்கியது. ஆஸ்டின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் முதலாண்டில் 90 சதவீதம் டெக்சாஸ் மாணவர்கள். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் மூன்றில் இரண்டு பங்கு உள்ளூர்ப் பிள்ளைகள். இவை அரசியல்வாதிகள் கைவைக்கும் எண்கள், ஆகவே விண்ணப்பிக்கும் ஆண்டின் விதியை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மேற்கு மாநிலங்களில் இருப்பவர்களுக்கு ஓர் உபரித் தகவல்: 'வெஸ்டர்ன் அண்டர்கிராஜுவேட் எக்ஸ்சேஞ்ச்' என்ற ஏற்பாட்டில் சேர்ந்த கல்லூரிகளில், மற்ற மேற்கு மாநிலப் பிள்ளைகள் உள்ளூர்க் கட்டணத்தில் ஒன்றரை மடங்குக்கு மேல் கட்ட வேண்டாம். எல்லாப் பாடப்பிரிவுக்கும் இது கிடைக்காது. பிரிவைக் கேட்டு உறுதிசெய்த பிறகே நம்புங்கள்.

டெக்சாஸில் 'டாப் 5' என்பது என்ன?

மாநிலத்துக்குள்ளேயே ஊர்ப் பரவலை உண்டாக்கும் சட்டம். 1997-இல் இயற்றிய சட்டப்படி, டெக்சாஸில் பள்ளி வகுப்பின் முதல் 10 சதவீத மாணவர்களுக்கு அரசுப் பல்கலைக்கழகங்களில் தானாக இடம். ஆஸ்டினுக்கு மட்டும் 2009-இல் விலக்கு கொடுத்தார்கள்: டெக்சாஸ் மாணவர்களுக்கான இடங்களில் 75 சதவீதம் நிரம்பும் அளவுக்கு வரம்பை அவர்களே குறைத்துக்கொள்ளலாம். அது 6 சதவீதமாக இருந்து, 2026 இலையுதிர் பருவத்தில் சேர்பவர்களிலிருந்து 5 ஆகிவிட்டது.

600 பேர் படிக்கும் வகுப்பில் 36 பேருக்குக் கிடைத்தது 30 ஆகிறது. 40 பேர் படிக்கும் சிற்றூர்ப் பள்ளியில் 2 பேர். அந்த 600 பேர் வகுப்பில் 31-ஆம் இடத்துப் பிள்ளைக்கு எஸ்ஏடி 1560 இருந்தாலும் தானியங்கி இடம் இல்லை. அவர் மிச்சமுள்ள இடங்களுக்கு மற்றவர்களோடு போட்டியிட வேண்டும்.

நம்மவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் ஒன்று: தானியங்கி இடம் என்பது பல்கலைக்கழகத்துக்குத்தான், பாடப்பிரிவுக்கு இல்லை. கம்ப்யூட்டர் சயின்ஸ், எஞ்சினியரிங், பிசினஸ் பிரிவுகளுக்குத் தனிப் பரிசீலனை உண்டு. 'உள்ளே போய் மாறிக்கலாம்' என்ற திட்டமும் அங்கே எளிதில் பலிக்காது.

நாங்கள் எச்-1பி (வேலை விசா), பிள்ளை எச்-4 (அதைச் சார்ந்த குடும்ப விசா). உள்ளூர்க் கட்டணம் கிடைக்குமா?

பல மாநிலங்களில் கிடைக்கும். எச்-1பி, எச்-4 இரண்டும் அங்கேயே குடியிருக்கும் எண்ணம் கொள்ள அனுமதிக்கும் விசாக்கள் என்று அவை ஏற்கின்றன. கலிஃபோர்னியாவில் பெற்றோரும் பிள்ளையும் ஓராண்டுக்கு மேல், 366 நாள், அங்கே வசித்திருக்க வேண்டும். மாநில வருமானவரிப் படிவம், ஓட்டுநர் உரிமம், வண்டிப் பதிவு என்று காகிதங்களும் அதையே சொல்ல வேண்டும். அப்பாவுக்கு டெக்சாஸ் உரிமம், அம்மாவுக்கு கலிஃபோர்னியா உரிமம் என்று இருந்தால் கேள்வி வரும்.

21 வயதில்தான் சிக்கல். கிரீன் கார்டு வராமல் பிள்ளைக்கு 21 ஆகிவிட்டால் எச்-4 போய்விடும், எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்கு மாற வேண்டும். சொந்த நாட்டுக்குத் திரும்பும் எண்ணம் எஃப்-1-இன் நிபந்தனை என்பதால், அதை வைத்து உள்ளூர்வாசி என்று நிறுவுவது பெரும்பாலும் நடக்காது. மூன்றாம் ஆண்டில் கட்டணம் மூன்று மடங்காகும் வீடுகள் உண்டு. பல்கலைக்கழகத்தின் பதிவாளர் அலுவலகத்தில் 'இடையில் விசா மாறினால் வகைப்பாடு மாறுமா' என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலைச் சேமித்து வையுங்கள். கட்டணத்தில் உள்ளூர்வாசி, சேர்க்கையில் வெளிநாட்டவர் என்று இரண்டு வகையாகப் பார்க்கும் இடங்களும் இருப்பதால், இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

தனியார் கல்லூரியில் உள்ளூர்ச் சலுகையே கிடையாதா?

சில இடங்களில் உண்டு. கார்னெல் தனியார் பல்கலைக்கழகம்தான், ஆனால் அதன் வேளாண் கல்லூரி, ஹியூமன் ஈகாலஜி, தொழிலுறவுப் பள்ளி ஆகியவை நியூயார்க் மாநிலத்தோடு ஒப்பந்தம் உள்ளவை. நியூயார்க்வாசிக்கு அங்கே கட்டணம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. டியூக் 2023-இல் அறிவித்தபடி, இரண்டு கரோலினா மாநிலங்களிலும் ஆண்டு வருமானம் 1,50,000 டாலர் வரை உள்ள குடும்பத்துப் பிள்ளைக்குக் கல்விக் கட்டணமே கிடையாது. ஷார்லட், ராலே பக்கம் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் இதைக் கவனிப்பது நல்லது.

நேஷனல் மெரிட்டுக்கும் மாநிலத்துக்கும் என்ன தொடர்பு?

பிஎஸ்ஏடி மதிப்பெண்ணை வைத்து நடக்கும் தேசிய உதவித்தொகைப் போட்டி அது; மாநிலம் நேரடியாகவே வெட்டும் இடம். சுமார் 16,000 அரையிறுதி இடங்களை, ஒவ்வொரு மாநிலத்திலும் பள்ளி முடிக்கும் மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்பப் பங்கிடுகிறார்கள். அதனால் மாநிலத்துக்கொரு கட்-ஆஃப். கணக்கு இது: பிஎஸ்ஏடியில் வாசிப்பு-எழுத்து மதிப்பெண்ணை இரண்டால் பெருக்கி, கணித மதிப்பெண்ணைக் கூட்டி, பத்தால் வகுக்க வேண்டும். உச்சம் 228. வாசிப்பில் 740, கணிதத்தில் 740 என்றால் 222. 2025-இல் பள்ளி முடித்த தொகுதிக்கு நியூ ஜெர்சி, மாசசூசெட்ஸ் கட்-ஆஃப் 223, கலிஃபோர்னியா 221. ஒரே 222, கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் பிள்ளைக்குக் கிடைத்தது, நியூ ஜெர்சியின் எடிசன் பிள்ளைக்கு இல்லை.

எந்த மாநிலத்தில் பள்ளி இருக்கிறதோ அதுதான் கணக்கு, வீடு இருக்கும் மாநிலம் இல்லை. வாசிப்பு மதிப்பெண்ணுக்கு இரட்டை எடை என்பதால், கணிதத்தில் 760 வாங்கிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்கள் வாசிப்பில்தான் கோட்டை விடுகிறார்கள்.

வெஸ்ட் பாயின்ட், அன்னாபொலிஸ் ராணுவ அகாடமிகளுக்கு?

குடியுரிமை வேண்டும், பெரும்பாலோருக்கு அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரான செனட்டர் அல்லது பிரதிநிதியின் பரிந்துரையும் வேண்டும். ஓர் அகாடமியில் ஓர் உறுப்பினர் பெயரில் ஒரே நேரத்தில் 5 பேர்தான் படிக்கலாம். கலிஃபோர்னியாவுக்கும் வயோமிங்குக்கும் தலா இரண்டே செனட்டர்கள் என்பதால், சின்ன மாநிலத்தில் இருப்பது இங்கே உண்மையிலேயே லாபம்.

பிள்ளை அமெரிக்கக் குடிமகன், ஆனால் சென்னையில் படிக்கிறான். அவனுக்கு எந்த மாநிலம்?

தனியார் கல்லூரியில் கோப்பைப் பெரும்பாலும் இந்தியாவைக் கவனிக்கும் அதிகாரியே படிப்பார், சென்னைப் பள்ளியின் சூழலில் வைத்து. நிதியுதவிக்கு மட்டும் உள்நாட்டு மாணவராகக் கருதுவார்கள். அது பெரிய லாபம். அரசுப் பல்கலைக்கழகத்தில் பெற்றோர் அந்த மாநிலத்தில் வசிக்காவிட்டால் வெளிமாநிலக் கட்டணம்தான். பிறந்த மருத்துவமனை நியூ ஜெர்சியில் இருந்தது என்பதால் அவன் நியூ ஜெர்சிப் பிள்ளை ஆகிவிட மாட்டான்.

இந்த 'ஊர்ப் பரவல்' எங்கிருந்து வந்தது?

பின்கதை அவ்வளவு அழகானதல்ல. 1920-களில் ஹார்வர்டில் யூத மாணவர்கள் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டியபோது, அவர்களைக் குறைக்க வேண்டும் என்று தலைவர் லாரன்ஸ் லோவெல் வெளிப்படையாகவே முயன்றார். யூதர்கள் அப்போது பெரும்பாலும் நியூயார்க், பாஸ்டன் போன்ற கிழக்குக் கரை நகரங்களில் இருந்தார்கள். தெற்கிலும் மேற்கிலும் இருந்து ஆள் சேர்த்தால் அவர்கள் பங்கு தானாகக் குறையும் என்பது கணக்கு. 1923-இல், பள்ளி வகுப்பின் முதல் ஏழில் ஒரு பங்கில் வந்தவர்களை நுழைவுத்தேர்வு இல்லாமலே சேர்க்கும் திட்டம் வந்தது. நினைத்ததற்கு மாறாக யூதர் பங்கு மேலும் ஏறியது. பிறகு 1926-இல் 'குணநலன்' பார்க்கும் முறைக்கு மாறினார்கள். அடுத்த தலைவர் ஜேம்ஸ் கோனன்ட் 1934-இல் தொடங்கிய தேசிய உதவித்தொகை, கிழக்குக் கரைக்கு வெளியே இருந்த ஏழைப் பிள்ளைகளை நேர்மையாகவே தேடியது. ஒரே கருவி, இரண்டு நோக்கம். ஆசிய-அமெரிக்கப் பெற்றோர்கள் இந்தச் சொல்லைக் கேட்டதும் புருவம் உயர்த்துவதில் நியாயம் இல்லாமல் இல்லை.

இப்போது சட்டம் மாறிவிட்டதா?

ஹார்வர்ட் வழக்கில் உச்சநீதிமன்றம் தந்த 2023 ஜூன் 29 தீர்ப்பு, சேர்க்கையில் இனத்தைப் பார்ப்பது பற்றியது. ஊரைப் பார்க்கக் கூடாது என்று அது சொல்லவில்லை. அதே ஆண்டு ஏப்ரலில் சிகாகோ, யேல், எம்ஐடி உட்பட 16 கல்லூரிகள் சேர்ந்து, சிற்றூர் மாணவர்களைத் தேட 'ஸ்டார்ஸ்' என்ற கூட்டமைப்பைத் தொடங்கின. ஆனால் 2025 ஜூலையில் அமெரிக்க அரசின் நீதி அமைச்சகம் வெளியிட்ட குறிப்பு, இனத்துக்குப் பதிலியாக ஊரைக் குறிவைப்பதும் சட்டவிரோதம் ஆகலாம் என்றது. செப்டம்பரில், எஸ்ஏடி நடத்தும் காலேஜ் போர்டு, பள்ளியின் சுற்றுப்புற விவரங்களை அதிகாரிகளுக்குத் தந்துவந்த 'லேண்ட்ஸ்கேப்' கருவியை நிறுத்திவிட்டது. ஸ்கூல் ப்ரொஃபைலின் எடை இதனால் கூடும் என்பது எங்கள் கணிப்பு. உங்கள் பள்ளியின் தாளை வாங்கிப் பாருங்கள்; நாலு ஆண்டுப் பழைய எண்கள் இருந்தால் கவுன்சிலரிடம் சொல்லுங்கள்.

கட்டுரையில் ஊரைப் பற்றி எழுதலாமா?

ஊர் பிள்ளையின் அன்றாடத்துக்குள் வந்திருந்தால் எழுதலாம். 'நான் அயோவாவிலிருந்து பரவலைக் கொண்டுவருகிறேன்' என்ற வரியால் ஒரு பயனும் இல்லை. முகவரி முதல் பக்கத்திலேயே இருக்கிறது. நூலகம் சனிக்கிழமை மூடியிருப்பதால் எங்கே படித்தான், அறிவியல் கண்காட்சிக்கு எத்தனை மணிநேரம் காரில் போனான், தமிழ்ப் பள்ளி இல்லாத ஊரில் யாரிடம் எழுத்துக் கற்றான் என்பது படிப்பவருக்குப் புதிது.

அக்கா வீட்டு முகவரியைக் கொடுத்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

தனியார் கல்லூரியில் அதனால் எந்த லாபமும் இல்லை. பள்ளி எங்கே இருக்கிறது என்பதைத்தான் அவர்கள் பார்க்கிறார்கள். அரசுப் பல்கலைக்கழகத்தில் வரிப் படிவமும் பள்ளிச் சான்றும் கேட்பார்கள். பொய் என்று தெரிந்தால் இடத்தை ரத்து செய்யலாம், படித்த பருவங்களுக்கு வெளிமாநிலக் கட்டணத்தின் மிச்சத்தைக் கேட்கலாம். எச்-4 பிள்ளையாக இருந்தால், கையெழுத்திட்ட பொய் வாக்குமூலம் பின்னால் விசா, கிரீன் கார்டுக் கோப்பிலும் கேள்வியாக வந்து நிற்கும்.